துவைத்து அனுப்பிய திரைச்சீலை

அவளுடைய பட்டப்பெயர் போட்டோ. வைத்தவர்கள் இளங்கலை முதலாண்டு வகுப்புத் தோழர்கள். எதைக் கொடுத்தாலும் போட்டோ எடுத்ததுபோல் வரைகிறாள் என்பதால் வந்த பெயர். அப்போது அது பாராட்டு. முதுகலைக்கு வந்ததும் அதே பெயர் வசவாகிவிட்டது. வரைகிற கை மாறவில்லை, காகிதம் மாறவில்லை. கட்டடத்தில் ஒரு மாடி ஏறியதுதான் மாற்றம். கீழ்த்தளத்தில் இளங்கலை, மேல்தளத்தில் முதுகலை. கீழே கற்றதை மேலே மறக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எங்கும் எழுதியிருக்காது. படியேறும்போதே காற்றில் தெரிந்துவிடும்.

அவள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். அம்மாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் வேலை. விருந்தாளிகள் படுக்கை விரிப்பில் விட்டுவிட்டுப் போகும் அடையாளங்களையெல்லாம் இல்லாமல் செய்வது அவள் தொழில். காட்சிக்கலை என்று ஒரு படிப்பில் மகளுக்கு இடம் கிடைத்தபோது, வேன் ஸ்டாண்டில் அதை எப்படிச் சொல்வது என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. "கண்ணு சம்பந்தப்பட்ட படிப்பு" என்று சொல்லிவைத்தார். அடுத்த வாரமே ஒரு டிரைவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, பவர் கூடியிருக்கிறதா என்று பாப்பாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். அப்பா மறுபேச்சில்லாமல் வாங்கி வேனில் வைத்துக்கொண்டார். மகள் படிப்பதை ஒருவருக்கு விளக்குவதைவிட ஒரு கண்ணாடியை உடையாமல் வைத்திருப்பது சுலபம்.

கீழ்த்தளத்துப் படிப்பு போட்டோவுக்குப் பிடித்திருந்தது. கனசதுரம், கூம்பு, சாடி, மூக்குடைந்த சுண்ணாம்புத் தலை, பிறகு நாற்காலியின்மேல் போட்ட துணி. கோட்டோவியம் சொல்லிக்கொடுத்தவருக்குத் தூக்குக்குண்டு வாத்தியார் என்று பெயர். நூலில் கட்டிய ஈயக்குண்டு ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். எதைப் பார்த்தாலும் அதைத் தொங்கவிட்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். கல்லூரியிலேயே நேராக இருந்த பொருள் அந்த நூல் ஒன்றுதான் என்று மாணவர்கள் சொல்லிக்கொண்டார்கள். மூளையைக் கழற்றிச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வகுப்புக்குள் வா, கண் பார்ப்பதைக் கை எழுதட்டும், நடுவில் யாரும் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. மற்றவர்களுக்கு மூளையைக் கழற்றுவது சிரமமாக இருந்தது. போட்டோ சீக்கிரமே பழகிவிட்டாள். துணி மடிப்பு வரைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றானது. நாற்காலியில் கிடந்த துணியை அவள் வரைந்து முதல் பரிசு வாங்கிய படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அயர்ன் பண்ணலையா இத?"

அந்தக் கேள்வியில் இருந்த அபாயம் அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டாள்.

முதுகலை நேர்முகத்தில் சிக்கல் தொடங்கியது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அவள் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, ஏன் என்று கேட்டார்கள். எது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஏன் இந்தச் சாடி, ஏன் இந்தத் துணி, ஏன் வரைய வேண்டும். பார்த்தேன், வரைந்தேன் என்றாள். துக்க வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இருந்தாலும் மதிப்பெண்ணை மறுக்கமுடியாமல் இடம் கொடுத்தார்கள்.

அவளுக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியரை மாணவர்கள் பின்னணி சார் என்றார்கள். யார் எதைச் செய்து காட்டினாலும், "இதோட பின்னணி என்ன?" என்று கேட்பார். முதல் சந்திப்பிலேயே அவள் கோப்பை மூடி வைத்துவிட்டு, மருத்துவர் சோதனை முடிவைச் சொல்கிற குரலில் சொன்னார்.

"கை ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் பிரச்சனை."

மேல்தளத்தில் யாருக்கும் அந்தப் பிரச்சனை இல்லை. கட்டட வடிவமைப்பாளர் ஒருவரின் மகன் ஒரு காலிச் சட்டத்தைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நின்று, கேட்பவர்களுக்குக் கால் மரத்துப்போகும்வரை பேசினான். நல்ல மதிப்பெண். அன்றிலிருந்து அவன் பெயரே காலிச்சட்டம். இன்னொருத்தி, தான் ஒரு பருவம் முழுக்க எதுவும் வரையாமல் இருந்ததையே படைப்பாகச் சமர்ப்பித்தாள். அதற்குப் பின்னணி அருமையாக இருந்ததாம். போட்டோ அடுக்களையில் வேலை பறிபோன மருமகள் மாதிரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளும் மறக்க முயன்றாள். இடது கையால் வரைந்தாள். பின்னணி சார் பார்த்துவிட்டு, இடது கையும் நன்றாக வரைகிறதே, இது ஒரு வியாதி மாதிரி இருக்கிறதே என்று கவலைப்பட்டார். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாள். மூடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டாய் என்றார். காகிதத்தை மழையில் நனைய விட்டாள். எங்கே நனையலாம் என்று நீதான் முடிவு செய்திருக்கிறாய், மழை செய்யவில்லை என்றார். இடையாண்டு மதிப்பீட்டில் அவளைத் தேறவில்லை என்று போட்டார்கள். விதி தெளிவாக இருந்தது: இறுதி மதிப்பீட்டிலும் இதே முடிவென்றால் பட்டம் கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேன் ஸ்டாண்டில் அப்பா ஏற்கெனவே மகளை முதுகலைப் பட்டதாரி ஆக்கிவிட்டிருந்தார். கண்ணாடிகளும் சேர்ந்துகொண்டே போயின.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஒருநாள்தான் பின்னணி சார் அவளுடைய பின்னணியைக் கேட்டார். படத்தின் பின்னணியை அல்ல, வீட்டின் பின்னணியை. கீழ்த்தளத்தில் படித்த காலமெல்லாம் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. தோழிகள் வீட்டுக்கு வருகிறோம் என்றால் சாக்குப்போக்குச் சொல்லித் தடுத்துவிடுவாள். இப்போது வேறு வழியில்லாமல் சொன்னாள். ஒற்றையறை வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. இந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும், அந்தப் பக்கம் அவளும் அவள் புத்தகங்களும். ஹோட்டலில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை வாங்கிவந்து அம்மா தைத்த திரை. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்ததாம். ஊர்த் துணியையெல்லாம் வெளுக்கிற அம்மாவுக்குச் சொந்தத் திரையை வெளுக்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

போனில் இருந்த படத்தைக் காட்டினாள். பின்னணி சார் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தில் அப்பாவின் கிரீஸ் விரல்கள். நடுவில் ஒரு பெரிய டீக்கறை. கீழே மைக்கறை. மேலே வளையங்கள் விட்ட துருப்புள்ளிகள். அவர் முகத்தில் அவள் அதுவரை பார்த்திராத ஒரு மலர்ச்சி. அவள் வரைந்த எதற்கும் அது வந்ததில்லை.

"இவ்வளவு நாள் இத எங்க மறைச்சு வச்சிருந்த? இதான் உன் படைப்பு. ஆனா ஒண்ணு, நீ இதத் தொடக்கூடாது. இதுல உன் கை இருக்கவே கூடாது, புரியுதா?"

புரிந்தது. அவள் கை இல்லாமல் இருந்தால் அவளுக்குப் பட்டம் கிடைக்கும்.

மீதி மாதங்களில் அவள் வரையவில்லை, எழுதினாள். ஆய்வேட்டுக்குப் பின்னணி சார் சூட்டிய பெயர் 'கைபடாத கறை: ஒற்றையறையில் உழைப்பின் தடங்கள்.' ஒவ்வொரு கறைக்கும் ஓர் அத்தியாயம். கறையின் அளவிலேயே படங்கள் வேறு, பக்கம் பக்கமாக. டீக்கறை உண்மையில் எப்படி வந்தது என்றால், அம்மா ஹோட்டல் மேலாளரைப்போல் நடந்து காட்டினாள். அப்பா சிரிப்பை அடக்கமாட்டாமல் டம்ளரைத் திரையில் கவிழ்த்துவிட்டார். ஆய்வேட்டில் அது 'உழைக்கும் ஆணின் அன்றாடச் சோர்வின் சிந்தல்' ஆனது. மைக்கறை, அவள் ஏழாம் வகுப்பில் எழுதாத பேனாவை உதறியதில் வந்தது. அது 'கல்வி இல்லத்தினுள் நிகழ்த்தும் வன்முறை' என்று ஆனது. பொய் என்று அடித்துச் சொல்லமுடியாது. டீ டீதான், அப்பா அப்பாதான். சிரிப்பு மட்டும் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. அதைத் திரும்ப எடுத்து ஒட்டிப் பார்த்தாள். அத்தியாயத்துக்குப் பொருந்தவில்லை. நான்தான் எழுதுகிறேனா, இல்லை என் வீட்டைப் பற்றி யாரோ எழுதுவதைப் படிக்கிறேனா என்று அவளுக்கு அவ்வப்போது சந்தேகம் வரும். பட்டம் வாங்கிவிட்டு யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

திரையை அம்மாவிடம் கேட்கிற வேலை பாக்கி இருந்தது. கறைக்காக வேண்டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கல்லூரியில் மாட்டப்போகிறோம் என்று மட்டும் சொன்னாள்.

"அந்தக் கந்தலயா? பெரிய பெரிய ஆளுங்க வருவாங்கன்னு சொன்ன?"

"வருவாங்கம்மா. அவங்களுக்குத்தான். நீ ஒண்ணும் பண்ண வேணாம், அப்படியே குடு போதும்."

அப்படியே கொடு என்பதை அம்மா, மகளின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். வேலைக்குப் போய்வருகிற அம்மாவுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று சொல்கிறாள், பாவம். திரை இல்லாமல் வீட்டில் படுக்கமுடியாது என்பதால், மதிப்பீட்டுக்கு முந்தின நாள் காலையில் அப்பா வேனில் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு.

அப்பா சொன்னபடி வந்தார். கையில் ஹோட்டல் பெயர் போட்ட பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஹேங்கர், ஹேங்கரில் திரை. ஏதோ அமைச்சரின் சட்டையைத் தூக்கிவருவதுபோல் தரையில் படாமல் தூக்கிவந்தார். "உங்கம்மா ரெண்டு நாளா இதே வேலையா இருந்தா" என்றார் பெருமையாக. அவள் உறையைப் பிரித்தாள். கண் கூசியது.

வெள்ளை. பாலில் முக்கி எடுத்ததுபோல் வெள்ளை. கிழிந்த ஓரத்தைத் தையல் தெரியாமல் மடித்துத் தைத்திருந்தது. மடிப்பு கத்திமுனையாக நின்றது. கிரீஸ் இல்லை, துரு இல்லை, டீ இல்லை, கல்வியின் வன்முறை இல்லை. ஆய்வேட்டின் அத்தனை அத்தியாயங்களும் போன சுவடு தெரியாமல் போயிருந்தன. ஆய்வேடோ தங்க எழுத்தில் அட்டைகட்டி அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது.

அப்பா போனதும் அம்மாவுக்கு போன் செய்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. திட்டுவதற்காகத்தான் இருக்கும். அம்மா பேசவே விடவில்லை.

"பாத்தியா? மெஷின்ல போட்டா நூல் விட்டுடும்னு கையாலயே போட்டேன். எல்லாம் ஒரே தடவையில போயிடுச்சு. அந்த மை மட்டும் சனியன், விடவே மாட்டேன்னுச்சு. விடுவேனா நான்? எங்க சூப்பர்வைசரே வந்து பாத்துட்டு, இது பழைய துணியான்னு கேட்டுச்சு. நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா."

"நாளைக்கு நானும் வரேன். ஷிஃப்ட் மாத்திக் கேட்டிருக்கேன்."

போனை வைத்துவிட்டு, கண்காட்சிக் கூடத்து மூலையில் திரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். காலிச்சட்டம் வந்து பார்த்து, வெள்ளையாகவே மாட்டிவிடு, பக்கத்தில் நின்று பேசிச் சமாளிக்கலாம் என்று யோசனை சொன்னான். அவனுக்கு அது கைவந்த கலை. அவள் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் அழுகை வந்துவிடும். பின்னணி சாரிடம் சொல்லலாம் என்று படியிறங்கிப் பாதியில் திரும்பினாள். எங்கம்மா துவைத்துவிட்டாள் சார் என்ற வாக்கியத்தை எந்தக் குரலில் சொன்னாலும் அம்மாதான் குற்றவாளிக் கூண்டில் நின்றாள்.

கேன்டீனில் டீ வாங்கிவந்து ஓரத்தில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். அது இஷ்டத்துக்கு ஓடி ஒரு வாத்துபோல் நின்றது. ஆய்வேட்டில் இருக்கும் டீக்கறை வாத்து அல்ல. தேர்வாளர்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். வாத்தைக் கழுவிவிட்டு அந்த ஈரத்தையே வெறித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு உறைத்தது: ஊற்றினால்தான் வராது. வரையலாமே. துணிமேல் இருப்பதை அச்சு அசலாக எழுதுவதைத் தவிர வேறெதையும் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளாத ஒரு கை அவளிடம் இருந்தது.

திரையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காலி வகுப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். திரையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். போன் படங்களையும் ஆய்வேட்டின் உதிரிப் பக்கங்களையும் சுற்றிலும் ஒட்டினாள். அக்ரிலிக் நிறத்தைத் தண்ணீர்போல் கரைத்துக்கொண்டாள். டீ காயும்போது நிறத்தையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் வெளிறிப்போகும். அந்த ஓரத்தை மெல்லிய தூரிகையால், நூலுக்கு நூல், நிறுத்தி நிறுத்தி இழுத்தாள். கிரீஸ் கறுப்பென்று நினைப்பவர்கள் அதைப் பார்த்ததேயில்லை. உள்ளே ஒரு பச்சை இருக்கிறது. அப்பாவின் சுட்டுவிரல் கொஞ்சம் வளைந்தது. அந்த வளைவும் வந்தது. மை நெசவுக்குள் ஊறி எறும்புக்கால் மாதிரி பிரியும். அவள் எறும்புக்கால்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். டீக்கறையை முடிக்கிற நேரத்தில், அம்மா மேலாளராக நடந்த நடை ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துவிட்டாள். ஆய்வேட்டில் இடம் கிடைக்காத அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவள் யோசிக்கவில்லை. மூளை செருப்போடு வெளியே கிடந்தது. முதுகலையில் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. வெளிச்சம் போவதற்குள் வேலை முடிந்தது. காய்வதற்காக மின்விசிறியைத் திரைப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மீதியிருந்த டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் மதிப்பீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள்: துறைத் தலைவர், பின்னணி சார், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார். அம்மையார் கழுத்தில் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாகத் திரை முன்னால் வெகுநேரம் நின்றார். அம்மையார் ஆய்வேட்டைத் திறந்து படத்தையும் பார்த்தார், திரையையும் பார்த்தார்.

"எந்தக் கையும் இல்ல இதுல. காலம் மட்டும்தான் இருக்கு" என்றார்.

"அதான் மேடம். உலகத்துல எந்த ஓவியனாலயும் இந்த டீக்கறைய வரைய முடியாது" என்றார் பின்னணி சார்.

ஓர் ஓவியக்காரிக்குக் கிடைக்கக்கூடிய பாராட்டிலேயே உச்சமான பாராட்டு. அதை வாங்கிக்கொள்ளாமல் நிற்பதுதான் அன்றைக்கு அவளுக்கு இடப்பட்ட வேலை. தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துறைத் தலைவர் பேனாவைத் திறந்தார். இன்னும் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

குடும்பத்தாரை மதியத்துக்கு மேல்தான் வரச்சொல்லியிருந்தது. ஆனால் மாற்றி வாங்கிய ஷிஃப்டுக்கு நேரத்தோடு திரும்ப வேண்டும் என்று அம்மா அப்பாவை விரட்டிக்கொண்டு அப்போதே வந்துவிட்டாள். நல்ல புடவை, அப்பாவுக்குச் சலவைச் சட்டை. கதவருகே நின்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள். பிறகு திரையைப் பார்த்தாள். மற்றவர்கள் படைப்பைப் பார்த்ததுபோல் பார்க்கவில்லை. லாண்டரிக்குத் திரும்பி வந்த துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"என்னடி இது? வெள்ள வெளேர்னு அனுப்புனேனே. யாரு கொட்டுனா?"

அம்மா துறைத் தலைவர் பக்கம் திரும்பினாள். இருப்பவர்களில் வழுக்கை அவருக்குத்தான், பொறுப்பும் அவருக்குத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

"ஏன் சார், பிள்ளைங்க துணின்னா பத்திரமா வச்சிக்க மாட்டீங்களா? ரெண்டு நாளா துவைச்சேன் சார் நான்."

பின்னணி சார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர். ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டு போட்டோவைப் பார்த்து, பாலம் போடுகிற குரலில் சொன்னார்.

"அம்மா வேற ஏதோ துணியச் சொல்றாங்கன்னு நினைக்கிறேன். அப்படித்தானம்மா?"

தலையை ஆட்டினால் போதும். பட்டம் கைக்கு வந்துவிடும். அம்மா ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டாள், பெரிய இடத்தில் உளறிவிட்டோம் போலிருக்கிறது என்று வெட்கப்பட்டு வாசலுக்குப் போய்விடுவாள். அதுதான் தாங்கவில்லை. தான் துவைத்த துணி எது என்று தெரியாதவள் என்று அந்த அறை அம்மாவைப் பற்றி முடிவு செய்துவிடும். அம்மாவே அதை நம்பிவிடவும் கூடும். ஏற்கெனவே ஓர் ஆய்வேடு முழுக்க அம்மாவைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாமல் எழுதியாகிவிட்டது. இன்னும் ஒரு வரி சேர்ப்பதா.

"இல்ல சார். அதே துணிதான். அம்மா துவைச்சிட்டாங்க. இது நான் வரைஞ்சது."

"எத?"

"எல்லாத்தையும்."

தேர்வாளர் அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்கு மூக்கு இடிக்கப் போனார். பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே கறை பாதிதான் ஊறியிருந்தது. "இத முதல்லயே பாத்திருக்கணும் நான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் சிரித்தார். அவர் சிரித்த தைரியத்தில் பின்னணி சாருக்கும் பேச்சு வந்தது. துடைத்தழித்தலும் மறுபடி எழுதுதலும் என்று ஆரம்பித்து, தாயின் கைக்கும் மகளின் கைக்குமான உரையாடல் என்று கட்டிக்கொண்டே போனார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கையே கூடாது என்ற அதே வாய். துறைத் தலைவருக்கு வேறு கவலை. அப்படியானால் இது ஓவியமா, ஓவியம் என்றால் ஓவியப் பிரிவில் அல்லவா வரவேண்டும், இந்தப் பெண், பொருளைக் கொண்டுவந்து நிறுவிக் காட்டுகிற நிறுவல் கலைப் பிரிவில் அல்லவா பதிவு செய்திருக்கிறாள் என்று கேட்டு, திறந்த பேனாவை மூடிவிட்டார்.

குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு விவாதித்தார்கள். அழைத்துச் சொன்ன முடிவு இதுதான்: தேர்ச்சி. ஆனால் படைப்பில் கை தெரிவதால் மதிப்பெண் குறைக்கப்படுகிறது. கைபடாத என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் மாற்றி ஆய்வேட்டைத் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும். அடுத்த மாதக் கருத்தரங்கில் பின்னணி சார் 'கையின் மீள்வருகை' என்று ஒரு கட்டுரை படிக்கப்போவதாகவும் போகிறபோக்கில் தெரியவந்தது. போட்டோ நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பட்டம் கிடைத்துவிட்டது. கொண்டாட வேண்டும் என்று தோன்றியது. எதை என்றுதான் தெரியவில்லை.

மாடிப்படியடியில் அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். பாஸ் என்றதும் அப்பா வேன் ஸ்டாண்டுக்கு போன் போடப் போய்விட்டார். அம்மா அவளை இழுத்துக்கொண்டு மறுபடி மேலே போனாள். கூடத்தில் யாருமில்லை. விரலை நாக்கில் தொட்டு டீக்கறையின் ஓரத்தைத் தேய்த்தாள். விரலை முகர்ந்தாள்.

"பெயின்ட்டா இது?"

"ஆமாம்மா."

"மையும்?"

"அதும்தான்."

"அப்பா விரல்கூட அப்படியே கோணலா இருக்குடி." அம்மா குரலில் உண்மையான வருத்தத்தோடு கேட்டாள். "இவ்வளவு நல்லா வரையத் தெரிஞ்சவ, நல்லதா ஏதாச்சும் வரையக்கூடாதா? கறையப் போயா வரைவ?"

போட்டோவுக்குச் சிரிப்பு வந்தது. முதுகலை முழுவதும் அவளை யாரும் எதை வரைகிறாய் என்று கேட்டதில்லை, ஏன் என்றுதான் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடலாம்போல் இருந்தது. அந்த டீக்கறை யார் சிரித்ததால் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் இல்லை என்று இருபுறமும் பார்த்துவிட்டு, தேர்வாளர்கள் நின்ற இடத்தில், மேலாளரைப்போல் வயிற்றைத் தள்ளி நாலடி நடந்து காட்டினாள்.

கண்காட்சி முடிந்ததும் திரையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது.

"இது துவைச்சா போகுமா?"

"போகாதும்மா. காஞ்சா பிடிச்சுக்கும்."

"போகாத கறைன்னு ஒண்ணு இருக்கா என்ன? குடு பாக்கலாம்."

கொடுத்தாள். தன் வாழ்நாளில் வரைந்ததிலேயே சிறந்த ஓவியத்தை, அதை அழிக்கப்போகிறவளிடமே மடித்துக் கொடுத்தாள். அம்மா ஒரு வாரம் அதனோடு மல்லுக்கட்டினாள். துரு போனது, கிரீஸ் போனது, டீயும் மெல்ல மெல்லக் கரைந்துபோனது. மை போகவில்லை. சூப்பர்வைசரை அழைத்துக் காட்டினாள். அவருக்குத் தெரிந்த மருந்தும் பலிக்கவில்லை. கடைசியில் போனில், தோற்ற வருத்தம் குரலில் ஒரு துளிகூட இல்லாமல் சொன்னாள்: "நல்ல பெயின்ட்டா பாத்துதான் வாங்கியிருக்க."

திரை மறுபடி வீட்டு நடுவில் தொங்குகிறது. வெள்ளைத் துணி, கீழே ஒரே ஒரு மைக்கறை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா, அது கறையில்லை, என் பொண்ணு வரைந்தது என்று சொல்கிறாள். யாரும் நம்புவதில்லை. போன வாரம் வந்த அத்தை குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, சொந்த வீட்டுத் துணியை இப்படியா வைத்திருப்பார்கள் என்று அம்மாவைக் கடிந்துகொண்டு, இதற்கென்றே ஒரு சோப்பு இருக்கிறது, அடுத்த முறை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.